ஐயெல்ட்ஸ் ரீடிங்: அறிவியல் பத்தியில் மட்டும் மார்க் குறைகிறது

ஐயெல்ட்ஸ் ஆங்கிலத் தேர்வின் ரீடிங் பகுதியில் அறிவியல் பத்திக்கு மட்டும் ஏன் மார்க் குறைகிறது என்று கேட்டிருந்தீர்கள். கேள்வியில் வரும் கூற்றைப் பத்தி மறுத்தால் ‘ஃபால்ஸ்’ (தவறு), அதைப் பற்றிப் பத்தி எதுவும் சொல்லாவிட்டால் ‘நாட் கிவன்’ (சொல்லப்படவில்லை). பத்திக்குள் இல்லாததை நீங்கள் ‘ஃபால்ஸ்’ என்று போடுகிறீர்கள், அது ‘நாட் கிவன்’. வரலாற்றுப் பத்தியில் 13க்கு 12 எடுப்பவர் தேனீ பற்றிய பத்தியில் 7க்கு இறங்குகிறார் என்றால் ஆங்கிலம் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. நீங்கள் உயிரியல் படித்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள், அனேகமாக அதுதான் காலை வாருகிறது.

உதாரணமாக, தேனீ நடனமாடி பூ இருக்கும் திசையையும் தூரத்தையும் சொல்கிறது என்று பத்தியில் இருக்கிறது, கேள்வியில் ‘ஆண் தேனீக்களும் இந்த நடனத்தை ஆடும்’ என்று வருகிறது. வேலைக்காரத் தேனீதான் ஆடும் என்று உங்களுக்குத் தெரியும், கை தானாக ‘ஃபால்ஸ்’ பக்கம் போய்விடும். பத்தியோ ஆண் தேனீ பற்றி வாயே திறக்கவில்லை.

இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். அதே பத்தியை எடுத்து, ‘ஃபால்ஸ்’ போட்ட ஒவ்வொரு விடைக்கும் அதை மறுக்கும் வரியைப் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். இங்கேதான் மறுக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாவிட்டால் ‘நாட் கிவன்’. கடிகாரம் வேண்டாம், நிதானமாகச் செய்யுங்கள்.

அப்புறம், கடிகாரம் இல்லாமல் எல்லாம் சரியாக வந்துவிட்டால் நான் சொன்ன காரணம் உங்களுக்குப் பொருந்தாது, சிக்கல் நேரத்தில் இருக்கிறது. 3 பத்தி, 40 கேள்வி, 60 நிமிடம், விடைத்தாளில் எழுதுவதும் அதற்குள்தான். அப்போது எந்தப் பத்தியில் 20 நிமிடம் தாண்டுகிறது என்று குறித்து வந்து சொல்லுங்கள், சேர்ந்து பார்ப்போம்.