முன்னால் வெடிக்கிறதா, பின்னால் வெடிக்கிறதா?

மலை வண்டி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, எங்களிடம் 1967 மாடல் மஹிந்திரா ஜீப் இருக்கிறது. சிஜே-3பி, பெட்ரோல் ஹரிக்கேன் இன்ஜின். தாத்தா தேயிலை மூட்டை ஏற்றிய வண்டி என்பதால் டீசலுக்கு மாற்ற மனசு வரவில்லை. ஊருக்குள் ஓட்டினால் ஒரு தொந்தரவும் இல்லை. மேட்டுப்பாளையம் போய்த் திரும்பும்போது, குஞ்சப்பனை தாண்டியதும் கார்புரேட்டர் பக்கம் 'டப் டப்' என்று வெடிக்கிறது. இழுவை போய், நின்றுவிடுகிறது. இருபது நிமிடம் விட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது. இறக்கத்தில் சைலன்சரிலும் வெடிக்கிறது. கார்புரேட்டரை மூன்று தடவை கழற்றிக் கழுவியாயிற்று. பாயிண்ட், கண்டென்சர் போன வருஷம்தான் புதிதாகப் போட்டோம். வேறு என்னதான் பார்ப்பது?
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: தம்பி, கடைசிக்கு முந்தின வரியைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அங்கேதான் சந்தேகம். பாயிண்ட் என்பது பிளக்கில் பொறி வர கரண்டைத் திறந்து மூடும் சின்ன சுவிட்ச்; கண்டென்சர் அதன் துணை. "புதிதாகப் போட்டோம்" என்று சொல்லிவிட்டால் அந்தச் சாமானை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இப்போது கிடைக்கிற கண்டென்சர்களில் பல, கழற்றி வீசின பழசுக்கு ஈடாகாது. நம் மலையில் பெட்ரோல் கோளாறு என்று பட்டறைக்கு வருகிற வண்டிகளில் பாதி கரண்ட் கோளாறு. கார்புரேட்டர் பாவம், வெளியே துருத்திக்கொண்டு நிற்பதால் அடி வாங்குகிறது.

முதலில் வெடி எங்கே என்று பிரித்துக்கொள்ளுங்கள். முன்னால், கார்புரேட்டர் வழியே வெடித்தால், சிலிண்டரில் நெருப்பு அணைவதற்குள் இன்டேக் வால்வு திறந்துவிட்டது என்று அர்த்தம். பெட்ரோல் பற்றாமல் கலவை மெலிந்தால் அது மெதுவாக எரியும். அப்போது இப்படி ஆகும். டைமிங், அதாவது பொறி அடிக்கும் நேரம், பின்தங்கினாலும், வால்வு சரியாக உட்காராவிட்டாலும், பிளக் வயர் மாறியிருந்தாலும் இதே கதைதான். உங்கள் இன்ஜினில் சிலிண்டர்கள் பற்றும் வரிசை 1-3-4-2. மூன்று தடவை கழற்றி மாட்டியிருக்கிறார்கள், எதற்கும் ஒருமுறை சரிபாருங்கள். பின்னால் வெடித்தால், எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய்ப் பற்றுகிறது.

உங்களுக்கு வண்டி சூடானபிறகு, ஏற்றத்தில், முன்னால் வெடிக்கிறது; ஆறினால் சரியாகிறது. இதற்கு மூன்று பேரைப் பிடிக்கலாம்: பெட்ரோல் லைனில் ஆவி அடைப்பது, பொறிக்கு வேண்டிய கரண்டை ஏற்றித் தரும் காயில், கண்டென்சர். மூன்றும் வெளியே ஒரே முகத்தைத்தான் காட்டும். வண்டி நின்ற அந்த நிமிடத்திலேயே பார்த்தால்தான் பிடிபடும். ஆறவிட்டு, பட்டறைக்குக் கொண்டுவந்து காட்டினால் எந்த மெக்கானிக்கும் உதட்டைப் பிதுக்குவார்.

அடுத்த தடவை நின்றதும் ஓரமாக ஒதுக்கி, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். உங்கள் சீட்டுக்கு அடியில்தானே டேங்க்? அதன் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஊசியால் குத்திவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். சத்தம் இல்லையென்றால், சாவியை அணைத்துவிட்டு ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி, ஆக்ஸிலரேட்டரைக் கையால் அசையுங்கள். கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் பீச்சினால் அதற்குள் பெட்ரோல் இருக்கிறது. இன்ஜினை யாராவது சுற்றும்போது மட்டும் அங்கே முகத்தை நீட்டாதீர்கள். பத்தொன்பது வயதில் குன்னூர் பட்டறையொன்றில் நான் குனிந்து பார்க்க, என் முதலாளி ஸ்டார்ட்டரை மிதித்தார். வலது புருவம் திரும்ப முளைக்க இரண்டு மாதம் ஆனது.

அப்புறம் ஏர் ஃபில்டர் குழாயை மாட்டிவிட்டு, பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி நடுவில் இருக்கும் காயில் வயரை உருவுங்கள். காய்ந்த துணியால் பிடித்து, அதன் முனையை இன்ஜின் இரும்புக்குக் கால் அங்குலம் தள்ளி வைத்து, ஒருவரைச் சுற்றச் சொல்லுங்கள். பெட்ரோல் சிந்திய இடத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். 'சட் சட்' என்று நீலமாக அடித்தால் கரண்ட் நல்லது. மஞ்சளாக, நூல்போல வந்தாலோ, வராமலே போனாலோ, மூடியைத் திறந்து பாயிண்டைப் பாருங்கள். பாயிண்ட் திறக்கும்போது நெருப்புத் தாவாமல் தடுப்பதுதான் கண்டென்சரின் வேலை. அது சூட்டில் செத்தால் பாயிண்டில் வெல்டிங் வைத்ததுபோல் பொறி பறக்கும். முகம் கருநீலமாக வெந்திருக்கும்; ஒரு பக்கம் குழி, மறுபக்கம் மேடு.

பழைய கண்டென்சரைத் தூக்கிப் போடவில்லை என்றால் கையோடு வைத்திருங்கள். புதியதன் வயரைக் கழற்றிவிட்டு, பழசைக் காயிலுக்குப் பக்கத்திலேயே, டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய வயர் மாட்டியிருக்கும் முனையில் சேருங்கள். அதன் உடம்பை நல்ல எர்த்தில் முடுக்குங்கள். வெளியே இருப்பதால் சூடும் குறைவு. வண்டி எடுத்துவிட்டால் நோய் தெரிந்துவிட்டது. எடுக்காவிட்டால் அடுத்தது காயில். பாயிண்ட் இடைவெளி ஃபீலர் கேஜில் 20 தௌ, அதாவது அரை மில்லிமீட்டர். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றும் ரோட்டரைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டியும் பாருங்கள். புஷ் தேய்ந்து ஷாஃப்ட் ஆடினால் நீங்கள் வைத்த இடைவெளி நிற்காது.

கரண்ட் நன்றாக இருந்து, கார்புரேட்டரில் பெட்ரோல் இல்லையென்றால் ஆவி அடைத்திருக்கிறது. கோத்தகிரி உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பெட்ரோல் சீக்கிரம் கொதிக்கும். பம்ப் மேல் ஈரத்துணி போட்டுப் பாருங்கள். ஆவி அடைப்பு இழுத்து இழுத்து, தவணை முறையில் நிறுத்தும். கரண்ட் போனால் பெரும்பாலும் பட்டென்று போகும்.

நானும் இதில் ஏமாந்தவன்தான். அதே குஞ்சப்பனைப் பக்கம், தூறலில், ஒரு எஸ்டேட் ஜீப்பின் கார்புரேட்டரை இரண்டு தடவை பிரித்தேன். மிதவையின் பின் சேற்றில் விழுந்து காணாமல் போக, குடைக்கம்பியை வெட்டிப் போட்டேன். வழியில் நிறுத்திய காய்கறி லாரிக்காரர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டே கேட்டார்: "பாயிண்டைப் பாத்தீங்களா?" பார்க்கவில்லை. கண்டென்சர்தான். அந்தக் குடைக்கம்பி அப்புறம் நாலு வருஷம் ஓடியது.

இறக்கத்து வெடி வேறு சமாச்சாரம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் குழாயும் சேரும் இடத்தில் பேக்கிங் போயிருக்கும். அங்கே கரிக்கோடு தெரிகிறதா பாருங்கள். ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கும்போது சரியாக எரியாத கலவை அந்த வழியாகக் காற்று கிடைத்ததும் வெடிக்கிறது. பேக்கிங் மாற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும். இன்னொன்று, நீங்கள் செய்கிறீர்களோ இல்லையோ, சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் மிச்சம் என்று இறக்கத்தில் சாவியை அணைத்து கியரில் உருட்டி வருகிறவர்கள் உண்டு. ஒரு சொட்டும் மிச்சமில்லை. கார்புரேட்டர் வண்டியில் இன்ஜின் சுற்றுகிறவரை பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அத்தனையும் சைலன்சரில் சேரும். சாவியைத் திரும்பப் போட்டதும் குண்டு வெடிக்கும். சைலன்சர் பலாப்பழம்போல் பிளந்து வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

கேள்வி: மூடுபனிக் காலையில் மட்டும் என் ஜீப் மிஸ்ஸிங் அடித்து நிற்கிறது. பத்து மணி வெயிலுக்குச் சரியாகிவிடுகிறது.
– ஒரு வாசகி, குன்னூர்

பதில்: டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் வேர்த்திருக்கும். காய்ந்த பனியன் துணியால் துடைத்துவிட்டு, உள்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பென்சிலால் கிழித்ததுபோல் மெல்லிய கரிக்கோடு இருந்தால் கரண்ட் அந்த வழியே கசிகிறது. துடைத்தெல்லாம் பயனில்லை, மூடியையே மாற்ற வேண்டும். ஈரமான இரவில் பானட்டைத் திறந்து, விளக்கை அணைத்துவிட்டு இன்ஜினை ஓடவிட்டால், கசியும் பிளக் வயரில் நீலமாக மினுக்கும். கை வைத்துப் பார்க்காதீர்கள் அம்மா.

கேள்வி: மூன்று மாதம் நிறுத்தியிருந்த வில்லிஸ் ஜீப், ஸ்டார்ட் ஆகி உடனே நின்றுவிடுகிறது. கார்புரேட்டர் கிண்ணத்தில் கறுப்புத் துகள்.
– ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: அந்தத் துகள் உங்கள் பெட்ரோல் ஹோஸின் உள்தோல். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை இருக்கிறது. பழைய ரப்பருக்கு அது ஆகாது. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், கொடைக்கானலில் ஈரத்துக்குப் பஞ்சமா? டேங்கை வடித்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வையுங்கள். அடியில் தனியாக ஒரு படலம் தேங்கினால் அந்தப் பெட்ரோல் வண்டிக்கு வேண்டாம். எத்தனாலைத் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்கி மாற்றுங்கள். பம்பின் டயஃப்ரமையும் அதே கையோடு பார்த்துவிடுங்கள்.