ஜின்னா, வோட்காவா?

வணக்கம் சார்,

வேலை விஷயமாக லண்டன் வந்திருக்கிறேன். நேற்று ஒரு பாரில் மார்ட்டினி கேட்டேன். "ஜின்னா, வோட்காவா?" என்று பார்டெண்டர் திருப்பிக் கேட்டார். ஜின் மருந்து வாடை அடிக்கும் என்று யாரோ சொன்ன ஞாபகத்தில் வோட்கா என்று சொல்லிவிட்டேன். ஜில்லென்று இருந்தது, தொண்டையில் எரிந்தது, வேறு ஒரு ருசியும் தெரியவில்லை. இதற்கா இத்தனை பேச்சு? உண்மையான மார்ட்டினி எது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மார்ட்டினி என்றால் ஜின்தான். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. 1880களில் அமெரிக்க பார் கையேடுகளில் இந்தப் பெயர் தலைகாட்டியபோதே கிளாஸில் இருந்தவை ஜின்னும், மூலிகை ஊறிய வொயினான வெர்முத்தும். அப்போது இனிப்பு வெர்முத். ட்ரை வெர்முத், அதாவது இனிப்பு குறைந்த வகை, கொஞ்ச காலம் கழித்து வந்து உட்கார்ந்தது. வோட்காவை அந்தக் காலத்து அமெரிக்கர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. 1939இல் ஹ்யூப்ளைன் கம்பெனி ஸ்மிர்னாஃப் வோட்காவின் உரிமையை வாங்கி, போருக்குப் பிறகு விளம்பரம் விளம்பரமாகச் செய்துதான் வோட்கா அங்கே பரவியது.

ஆனால் முதலில் வந்தது என்பதற்காக மட்டும் நான் ஜின் பக்கம் நிற்கவில்லை. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: மணம் இல்லாத சுத்தமான சாராயம். அதில் தண்ணீர் கலந்து அளவுக்குக் கொண்டுவந்தால் வோட்கா. அதையே ஜூனிபர் காய், மல்லி விதை, ஏஞ்சலிகா வேர், எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் எல்லாம் போட்டு மறுபடி காய்ச்சி வடித்தால் லண்டன் ட்ரை ஜின். ஆமாம், நம் சாம்பார்ப் பொடியில் போகிற அதே மல்லிதான். வறுக்காத மல்லியை நசுக்கி மோந்து பாருங்கள், எலுமிச்சை வாசம் லேசாக வரும். ஜின்னுக்குள் அது வேலை செய்கிறது. உங்களை பயமுறுத்திய மருந்து வாடை ஜூனிபருடையது. பைன் மரப் பிசின் மாதிரி இருக்கும்.

வெர்முத்தும் மூலிகை ஊறியதுதான். ஜின்னின் மூலிகையும் இதன் கசப்பும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். வோட்காவில் வெர்முத்துக்குத் துணை கிடையாது. இப்போதெல்லாம் வெர்முத்தை இரண்டு சொட்டாகக் குறைத்துவிடுகிறார்கள் வேறு. அப்புறம் கிளாஸில் மிச்சம் என்ன, குளிர்ந்த வோட்கா. நீங்கள் குடித்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

இதில் பாதிப் பழி வெர்முத் பாட்டிலுக்கும் போகவேண்டும். வெர்முத் வொயின் வகை. திறந்தால் கெட ஆரம்பித்துவிடும், ஃப்ரிட்ஜில் வைக்கவேண்டும். பல பார்களில் அது விஸ்கி பாட்டில்களோடு அலமாரியில் மாதக்கணக்கில் நிற்கும். மார்ட்டினி பிடிக்காது என்று சொல்பவர்களில் பலருக்குக் கிடைத்தது இந்தப் பழைய வெர்முத்தாகத்தான் இருக்கும். பார்டெண்டரிடம் பாட்டில் எங்கே இருக்கிறது என்று தைரியமாகக் கேளுங்கள்.

சரி, அடுத்த தடவை என்ன கேட்பது? ஜின் 60 மில்லி, ட்ரை வெர்முத் 15 மில்லி, ஐஸோடு அரை நிமிடம் கலக்கி வடிகட்டச் சொல்லுங்கள். குலுக்க வேண்டாம். குலுக்கினால் ஐஸ் துணுக்கும் காற்றும் சேர்ந்து கலங்கிப்போகும், அந்த வழவழப்பு கிடைக்காது. ஐஸ் கொஞ்சம் கரைவது நல்லதுதான், அந்தத் தண்ணீர் சேர்ந்தால்தான் ஜின்னின் காரம் தணியும். கடைசியில் எலுமிச்சைத் தோலைக் கிளாஸுக்கு மேலே பிடித்து முறுக்கினால் எண்ணெய் பொடிப்பொடியாக மேலே படரும். முதல் வாய்க்கு முன்னால் அதை மோந்து பாருங்கள்.

வோட்காதான் வேண்டும் என்றால் தப்பே இல்லை, அது வேறு ஒரு பானம், அவ்வளவுதான். கோதுமைக்கு உறவான ரை தானியத்தில் செய்த போலந்து வோட்காவாகக் கேளுங்கள், அதில் லேசான மிளகுக் காரம் இருக்கும். வெர்முத்தைக் கூட்டி, ஆலிவ் போட்டுக்கொண்டால் உப்பும் சேர்ந்து நன்றாக இருக்கும். மீனோடும் சிப்பியோடும் பொருந்தும்.

லண்டனில் ட்யூக்ஸ் ஹோட்டல் பார் இதற்குப் பேர்போனது. அங்கே ஃப்ரீஸரில் வைத்து நன்றாகக் குளிரவைத்த ஜின்னை ஐஸில் கலக்காமல் அப்படியே ஊற்றுவார்கள், தண்ணீர் துளியும் சேராது. ஒருவருக்கு இரண்டுக்கு மேல் கொடுப்பதில்லை என்பது அங்கே வழக்கம். முதல் ஜின் மார்ட்டினிக்கு அங்கே போகாதீர்கள். கலக்கித் தருகிற இடத்தில் ஒன்று குடித்து, ஜூனிபர் நாக்குக்குப் பழகிய பிறகு போங்கள்.