வாசகர் கேள்வி – பதில்: லண்டனில் எங்கிருந்து நடக்கத் தொடங்குவது?

கேள்வி: பள்ளி நாள்களிலிருந்தே நாவல்களின் வழியாக எனக்குப் பழகிய நகரம் லண்டன். ஐம்பத்தாறு வயதில் இப்போதுதான் முதன்முறையாக அங்கே ஐந்து நாள் தங்கும் வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. அரண்மனையும் கோபுரமும் பார்ப்பதில் எனக்கு அவ்வளவு நாட்டமில்லை. புத்தகங்களோடு தொடர்புடைய இடங்களைக் கால்நடையாகப் பார்க்கவே விரும்புகிறேன். குறித்து வைத்த பட்டியலில் நாற்பத்திரண்டு இடங்கள் சேர்ந்துவிட்டன. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அந்தப் பட்டியலில் முப்பது இடங்களை முதலில் அடித்துவிடுங்கள். ஐந்து நாளில் நாற்பத்திரண்டு இடங்களைப் பார்க்கப் புறப்பட்டவர் நடப்பதில்லை, ஓடுகிறார். அவர் கண்ணில் வாசல் எண் படும், தெரு படாது. லண்டன் மிகப் பெரிய ஊர்தான் என்றாலும், ஒரு வாசகர் தேடி வருவனவற்றில் பெரும்பகுதி இரண்டு ஒடுங்கிய தடங்களுக்குள் அடங்கிவிடுகிறது. வடக்கே யூஸ்டன் சாலையில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்திலிருந்து டிரஃபால்கர் சதுக்கம் வரை ஒன்று. அது மூன்றரை கிலோமீட்டரைத் தாண்டாது. அங்கிருந்து கிழக்கே ஃப்ளீட் தெரு வழியாகப் புனித பவுல் பேராலயம் வரை மற்றொன்று. அது இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதல். முதல் இரண்டு நாள்களை இவ்விரண்டுக்கும் ஒதுக்குங்கள்.

முதல் நாள் காலையில் பிரிட்டிஷ் நூலகத்திலேயே தொடங்கலாம். அதன் அரும்பொருள் காட்சிக்கூடத்துக்குக் கட்டணம் கிடையாது. கூட்டன்பர்க் அச்சிட்ட பைபிளும் 1215-ஆம் ஆண்டு மாக்னா கார்ட்டாவும் இந்த நூலகத்தின் செல்வங்கள். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய காட்சி, கட்டடத்தின் நடுவே ஆறு மாடி உயரத்துக்கு எழும் கண்ணாடிக் கோபுரம். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் சேர்த்த 60,000-க்கும் மேற்பட்ட நூல்கள் அதற்குள் தோல் அட்டைகளோடு வரிசையாக நிற்கின்றன. அழகுக்காக வைத்தவை என்று எண்ணிவிட வேண்டாம். வாசிப்பறையில் இருப்பவர் உரிய முறையில் கேட்டால், அந்தக் கோபுரத்திலிருந்து நூலை எடுத்துவந்து தருகிறார்கள்.

நூலகத்தை விட்டுத் தெற்கே பத்து நிமிடம் நடந்தால் டாவிஸ்டாக் சதுக்கம் வரும். அதன் நடுவில் 1968-இல் நிறுவப்பட்ட காந்தியின் சிலை இருக்கிறது. ஒரு மூலையில் வர்ஜீனியா உல்ஃபின் மார்பளவுச் சிலை. 1924 முதல் 1939 வரை அவர் இச்சதுக்கத்தின் 52-ஆம் எண் வீட்டில் குடியிருந்தார்; அவரும் கணவரும் நடத்திய பதிப்பகமும் அதே வீட்டில்தான் இயங்கியது. 1940-இல் விழுந்த குண்டில் அந்த வீடு அழிந்துவிட்டது. ஆகவே வீட்டைத் தேடிப் பயனில்லை. சதுக்கத்தை ஒருமுறை சுற்றி நடங்கள். அவ்வாறு ஒருநாள் சுற்றி நடந்துகொண்டிருந்தபோதுதான் தமது நாவல்களுள் ஒன்று மனத்தில் உருவானதாக அவரே எழுதியிருக்கிறார். வீடு போய்விட்டது, நடந்த வழி போகவில்லை.

அங்கிருந்து அடுத்தடுத்த சதுக்கங்களின் வழியே வந்தால், ரஸ்ஸல் சதுக்கத்தின் ஓரத்தில், கீழ்த்திசை, ஆப்பிரிக்க ஆய்வுகளுக்கான லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் வளாகத்தை அடைவீர்கள். 1996-இல் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை அங்கே இருக்கிறது. உங்கள் பட்டியலில் இது இருந்திருக்காது என்று ஊகிக்கிறேன். ஆங்கில வழிகாட்டி நூல்களைப் பார்த்துப் பட்டியல் போட்டால் அப்படித்தான் ஆகும். மாணவர்கள் பையோடு விரைந்து கடந்துபோகும் அந்த இடத்தில் சற்று நேரம் நின்றுவிட்டுப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு நடங்கள், சில நிமிடங்கள்தான். 1857-இல் திறக்கப்பட்ட, 140 அடி விட்டமுள்ள வட்ட வாசிப்பறை அதன் முற்றத்தின் நடுவில் இருக்கிறது. கார்ல் மார்க்ஸ் படித்த இடம் அது. லெனின் 1902-இல் ஜேக்கப் ரிக்டர் என்ற புனைபெயரில் அனுமதிச் சீட்டு வாங்கிய இடமும் அதுவே. உள்ளே செல்ல இயலுமா என்பது அந்தந்தக் காலத்து ஏற்பாட்டைப் பொறுத்தது. முடியாவிட்டாலும் வெளிச்சுவரை முழுதாகச் சுற்றிவரலாம்.

பிற்பகல் முழுவதும் சேரிங் கிராஸ் சாலைக்கு. இதைப் பற்றி அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

இரண்டாம் நாள் ஃப்ளீட் தெருவில், பெருஞ்சாலையை விட்டு வடக்கே பிரியும் சந்துகளுள் நுழையுங்கள். ஆள் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய அளவு ஒடுங்கிய வழிகள் அவை. அவற்றின் முடிவில் காஃப் சதுக்கமும், அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன் 1748 முதல் 1759 வரை வாழ்ந்த 17-ஆம் எண் வீடும் வரும். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்டு 1755-இல் வெளிவந்த அந்த அகராதி, இவ்வீட்டின் மேல்மாடியில், ஆறு உதவியாளர்கள் குனிந்து படியெடுக்க, உருவானது. எழுத்தாளர் நினைவில்லங்கள் பெரும்பாலும் என்னைச் சோர்வடையச் செய்பவை. கண்ணாடிப் பேழைக்குள் ஒரு மூக்குக்கண்ணாடி, கயிறு கட்டிய நாற்காலி, அவ்வளவே. இந்த வீடு விலக்கு. படியேறி மேல்மாடிக்குப் போனதும், ஏழு பேர் அங்கே எப்படி மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று உங்கள் மனம் தானாகவே கணக்குப் போடத் தொடங்கிவிடும். எதிர்ப்பக்கத்தில் ஜான்சனின் ஹாட்ஜ் என்னும் பூனைக்கும், அகராதியின்மேல் சிப்பி ஓடுகளோடு உட்கார்ந்திருக்கும் கோலத்தில், ஒரு சிலை உண்டு.

ஃப்ளீட் தெருவுக்கு அச்சுத்தொழில் 1500-ஆம் ஆண்டு வாக்கில் விங்கின் டி வோர்டு என்பவரோடு வந்தது; நாளிதழ் அலுவலகங்கள் 1980-களில் வேறிடங்களுக்கு நகரத் தொடங்கின. இப்போது அங்கே மை வாசனை இல்லை. பேராலயத்தை ஒட்டிய பேட்டர்னாஸ்டர் வரிசை ஒருகாலத்தில் பதிப்பாளர்களும் நூல் மொத்த வணிகர்களும் நிறைந்த தெரு. 1940 டிசம்பர் 29 இரவு நடந்த குண்டுவீச்சில் பல லட்சம் நூல்களோடு எரிந்துபோனது. இன்று அந்த இடத்தில் புதிய கட்டடங்களைத்தான் காண்பீர்கள். ஏமாற்றம் வேண்டாம் என்பதற்காக முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

மூன்றாம் நாள் விரும்பினால் டவுட்டி தெருவின் 48-ஆம் எண் வீட்டுக்குச் செல்லுங்கள். டிக்கன்ஸ் 1837 முதல் 1839 வரை குடியிருந்த வீடு அது. அவர் இரவெல்லாம் இந்நகரத்தை நடந்தே அளந்தவர் என்பதால் உங்களுக்கு உறவுக்காரர். மீதி இரண்டு நாளுக்குத் திட்டம் எதுவும் வேண்டாம். நாவலில் குதிரை வண்டி வைத்துக்கொண்டு போகும் இரு இடங்களுக்கு இடையே நடந்தால் பன்னிரண்டு நிமிடம்தான் ஆகிறது என்பதை நீங்களே கண்டுபிடிக்கும்போது, படித்த காட்சி முழுவதும் மனத்தில் மறுபடி அடுக்கப்படும். அதற்கு நேரம் கொடுங்கள்.

கேள்வி: சேரிங் கிராஸ் சாலை 84-ஆம் எண்ணில் இருந்த பழைய புத்தகக் கடையைப் பார்க்க ஆசை. இன்னமும் இருக்கிறதா?

பதில்: இல்லை. கடல் கடந்து ஓர் அமெரிக்க எழுத்தாளரும் அக்கடையினரும் 1949 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எழுதிக்கொண்ட கடிதங்களால் அந்த முகவரி புகழ்பெற்றது. வந்துபோகவே வழியில்லாதிருந்த அவர் 1971-இல் ஒருவழியாக லண்டன் சேர்ந்தபோதே கடை மூடப்பட்டிருந்தது. கடையின் சார்பில் அவருக்குக் கடிதம் எழுதிவந்தவரும் இறந்துவிட்டிருந்தார். இன்று அங்கே ஓர் உணவகமும், சுவரில் கடையை நினைவூட்டும் ஒரு வட்டத் தகடும்தான் உண்டு. அத்தகட்டின்முன் நின்று படமெடுத்துக்கொள்பவர்களை நான் கேலி செய்ய மாட்டேன், நானும் எடுத்துக்கொண்டவன்தான்.

அந்தச் சாலையில் இன்று புத்தகக் கடைகள் குறைவு. ஆனால் 1903-இல் தொடங்கிய ஃபாயில்ஸ், 2014 முதல் 107-ஆம் எண்ணில் பல மாடிகளில் இயங்குகிறது. தெற்கு நோக்கி இறங்கினால், சாலைக்கும் செயின்ட் மார்ட்டின்ஸ் லேனுக்கும் இடையே செசில் கோர்ட் என்னும் சிறு தெரு வரும். வண்டிகள் நுழையாத அத்தெருவில் இருபுறமும் அரிய நூல்களும் பழைய வரைபடங்களும் விற்கும் கடைகள். சிறுவன் மோட்சார்ட் 1764-இல் குடும்பத்தோடு சிறிதுகாலம் தங்கியதும் இத்தெருவில்தான். வாங்கும் எண்ணமில்லாமல் உள்ளே போகலாமா என்று தயங்காதீர்கள். போகலாம், கண்ணாடி அலமாரியிலுள்ள நூலை மட்டும் கேட்காமல் எடுக்கக் கூடாது. எளிய விலையில் பழைய புத்தகம் வேண்டுமானால் வாட்டர்லூ பாலத்தின் அடியில், ஆற்றங்கரையில், மேசைகளில் பரப்பி விற்கும் சந்தைக்குப் போங்கள்; பாலமே கூரையாதலால் தூறலுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமையை மட்டும் கடைகளுக்கென ஒதுக்காதீர்கள்: இங்கிலாந்தில் பெரிய கடைகள் அன்று ஆறு மணிநேரத்துக்கு மேல் திறந்திருக்கச் சட்டம் இடம் தருவதில்லை, சிறிய கடைகள் பலவும் தாமாகவே மூடியிருக்கும்.

கேள்வி: சில மணி நேரமாவது பிரிட்டிஷ் நூலகத்தில் உட்கார்ந்து தமிழ் நூல் ஒன்றைப் படித்துவிட முடியுமா? சுற்றுலாப் பயணிக்கு அனுமதி உண்டா?

பதில்: உண்டு. காட்சிக்கூடத்துக்கு எந்தச் சீட்டும் வேண்டியதில்லை. வாசிப்பறைக்கு மட்டும் வாசகர் அட்டை வாங்க வேண்டும். அது இலவசம். அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்பார்கள், ஆகையால் கடவுச்சீட்டோடு வீட்டு முகவரி உள்ள ஓர் ஆவணத்தையும் எடுத்துச் செல்லுங்கள். மைப்பேனாவுக்கு அங்கே இடமில்லை, பென்சில் மட்டுமே. தமிழ் நூல்களைப் பொறுத்தவரை, இந்நூலகம் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் பகுதியாக இருந்த காலத்திலேயே, பார்னெட்டும் ஜி. யு. போப்பும் தொகுத்த தமிழ் நூற்பட்டியல் 1909-இல் வெளிவந்தது. தொடக்ககால அச்சுத் தமிழ் நூல்களைத் தேடுவோர் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள். புறப்படுவதற்கு முன்பே இணையத்தில் தேடி, வேண்டிய நூலின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலால் நூலகத்தின் கணினிச் சேவைகள் பெரிதும் பாதிக்கப்பட்டு மெல்லமெல்ல மீண்டன என்பதால், நீங்கள் போகும் நாளில் அந்த நூல் கிடைக்குமா என்றும் விசாரித்துக்கொள்வது நல்லது. சில நூல்கள் வேறு ஊரிலுள்ள சேமிப்பகத்திலிருந்து வர வேண்டியிருக்கும், அன்றே கிடைக்காது.

கேள்வி: கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நடப்பது எனக்குப் பிடிக்காது. வழி தவறிவிடுவேனோ என்ற அச்சமும் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: லண்டனில் கைப்பேசி இல்லாமலும் நடக்கலாம். முக்கியத் தெருமுனைகளில் ஆளுயர வழிகாட்டிப் பலகைகளை நிறுத்தியிருக்கிறார்கள். அவற்றின் சிறப்பு, வரைபடத்தின் மேற்புறம் வடக்காக இல்லாமல் நீங்கள் பார்த்து நிற்கும் திசையாக இருப்பது. ஐந்து நிமிடத்தில் நடந்து எட்டும் எல்லையையும் வட்டம் போட்டுக் காட்டியிருக்கும். இதைக் கவனிக்காமல் மேற்புறத்தை வடக்கு என்று கொண்டு நடந்தால் நேரெதிரே போய்விட நேரும். சுரங்க ரயில் நிலையங்களுக்கிடையே நடக்க எத்தனை நிமிடம் ஆகும் என்று காட்டும் வரைபடமும் போக்குவரத்துத் துறை வெளியிட்டிருக்கிறது. லெஸ்டர் சதுக்கத்துக்கும் கவென்ட் கார்டனுக்கும் இடையே உள்ள தொலைவு ஏறக்குறைய 260 மீட்டர்தான் என்று அறியாமல் ரயிலேறுவோர் நாள்தோறும் உண்டு.

உண்மையில் ஏமாற்றுபவை தெருப்பெயர்கள். முதல் நாள் நீங்கள் நடக்கும் சதுக்கங்கள் அடங்கிய புளூம்ஸ்பரி பகுதியிலும் சுற்றுப்புறத்திலும் பெட்ஃபோர்டு சதுக்கம், பெட்ஃபோர்டு பிளேஸ், பெட்ஃபோர்டு வே, பெட்ஃபோர்டு அவென்யூ, பெட்ஃபோர்டு ரோ என்று ஒரே பெயரில் இத்தனை உண்டு. பெட்ஃபோர்டு பிளேஸில் இருந்துகொண்டு, பெட்ஃபோர்டு வேயில் இருக்க வேண்டிய வாசல் எண்ணைத் தேடி அரை மணி நேரம் அலைந்த அனுபவம் எனக்கு உண்டு. பெயரின் பின்பாதியையும் எழுதிக்கொள்ளுங்கள். பெயர்ப்பலகைகள் பலவற்றில் காணப்படும் அஞ்சல் குறியீட்டையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: சுவர்களில் உள்ள நீல வட்டத் தகடுகளை எல்லாம் நம்பலாமா?

பதில்: பெரும்பாலும் நம்பலாம். புகழ்பெற்றவர்கள் வாழ்ந்த கட்டடங்களை அடையாளம் காட்ட 1866-இல் தொடங்கிய திட்டம் அது. இப்போது இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பு நடத்துகிறது. ஒருவர் இறந்து இருபது ஆண்டுகள் கழிந்த பின்பே அவர் பெயரில் தகடு வைக்கிறார்கள். மற்ற அமைப்புகளும் தனியாரும் பல நிறங்களில் தகடுகள் பதித்திருப்பதால், யார் பதித்தது என்பதை விளிம்பில் படித்துப் பாருங்கள். தகடுகளை எண்ணிச் சேகரிப்பதில் மட்டும் இறங்கிவிடாதீர்கள். அது வேறொரு பொழுதுபோக்கு.

கேள்வி: எந்த மாதம் நல்லது? எவ்வளவு புத்தகம் வாங்கலாம்?

பதில்: இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்லக் கூடாது, சொன்னாலும் நீங்கள் கேட்கப் போவதில்லை. விமானத்தில் எடைக்கு வரம்புண்டு என்பதை மட்டும் மனத்தில் வைத்து, கனத்த நூல்களைக் கைப்பெட்டியில் போடுங்கள்; எடை மீறினால் அஞ்சலகத்தில் அச்சிட்ட தாள்களுக்குரிய வெளிநாட்டுக் கட்டணம் என்னவென்று கேளுங்கள். முதல் நாளிலேயே வாங்கிவிட்டால் ஐந்து நாளும் சுமக்க நேரிடும் என்று கருதிப் பலர் கடைசி நாளுக்குத் தள்ளிவைக்கிறார்கள். பழைய புத்தகத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அது ஒரு பிரதிதான் இருக்கும்.

மாதத்தைப் பொறுத்தவரை, டிசம்பரில் பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜூனில் இரவு ஒன்பதைத் தாண்டியும் வெளிச்சம் இருக்கும், கூட்டமும் இருக்கும். நான் செப்டம்பர் இறுதியைச் சொல்வேன்: ஏழு மணி வரை வெளிச்சம், நடந்தால் வியர்க்காத காற்று. மழை எப்போதும் வரக்கூடும் என்பதால் குடையைவிடத் தலைமூடி உள்ள மழைச்சட்டையே உகந்தது. ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு கடைவாசல் மேசையிலிருக்கும் புத்தகத்தைப் புரட்ட முடியாது.