குதிரையைப் பற்றிக் கேட்ட பெண்

அன்புள்ள ஐயா,

19 வருடமாக நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஆண்டோவர், எக்ஸிட்டர் மாதிரி ஒரு விடுதிப் பள்ளியில் அவளைச் சேர்த்துவிட வேண்டும் என்பது என் கணவரின் பல நாள் ஆசை. அக்டோபரில் லீவு போட்டு ஐந்து பள்ளிகளைப் பார்க்கப் போகிறோம். எல்லா இடத்திலும் நேர்காணல் உண்டு. அவர் நாற்பது கேள்விகளுக்குப் பதில் டைப் செய்து கொடுத்திருக்கிறார், இவள் அந்தத் தாளைத் தொடக்கூட இல்லை. பள்ளியில் எப்போதும் 98, 99 பர்சென்டைல் (நூறு பேரில் அத்தனை பேருக்கு மேலே என்ற கணக்கு) வாங்குகிறவள், இந்தப் பள்ளிகள் கேட்கும் எஸ்எஸ்ஏடி நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சியாக எழுதிப் பார்த்ததில் 71 வாங்கிவிட்டாள். அதிலிருந்து வீட்டில் பேச்சே இல்லை. பண உதவி கேட்டால் இடம் தரமாட்டார்கள் என்றும் அவர் சொல்கிறார்.

இவ்வளவுக்கு நடுவில் இவள் கேட்டது ஒரே கேள்வி: "ஏதோ ஒரு ஸ்கூல்ல ஆளுக்கொரு குதிரை தருவாங்களாமே, நிஜமாம்மா?" இந்த வயதில் இவ்வளவு விளையாட்டுத்தனம் இருந்தால் எப்படி? அண்ணன் மகளை அழைத்துக்கொண்டு இந்தப் பள்ளிகளைப் பார்த்து வந்ததாக நீங்கள் ஒருமுறை எழுதியிருந்தீர்கள். நேர்காணலுக்கு எப்படித் தயார் செய்வது? அனுப்பத்தான் வேண்டுமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த 71. உங்கள் வீட்டை ஊமையாக்கியிருப்பது அதுதான். எஸ்எஸ்ஏடி பர்சென்டைல், அந்தத் தேர்வை எழுதிய அதே வகுப்புப் பிள்ளைகளோடு மட்டும் ஒப்பிட்டுப் போடுவது. அதை யார் எழுத வருகிறார்கள்? பெரும்பாலும் இந்த மாதிரிப் பள்ளிகளுக்கு முயல்கிறவர்கள், அவரவர் வகுப்பில் முதல் பெஞ்சுக்காரர்கள். ஊர்ப் பள்ளியின் 99 அந்தக் கூட்டத்துக்குள் வந்து 71 ஆவதில் அதிசயம் ஒன்றுமில்லை. போதாததற்கு, தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் கழிப்பார்கள், விட்டுவிட்டால் கழிப்பதில்லை. எதையும் விடாமல் எழுதிப் பழகிய பிள்ளை முதல் தடவை இதில்தான் அடிபடும். எங்கள் வீட்டுப் பெண்ணும் அடிபட்டாள்.

மார்க் ஏறினால் மட்டும் போதுமா என்றால், போதாது. ஆண்டோவரிலும் எக்ஸிட்டரிலும் கிட்டத்தட்ட பத்துப் பேர் கேட்டால் ஒருவருக்கு இடம். 99 வாங்கியவர்களே திரும்பி வருகிறார்கள்.

பண உதவி விஷயத்தில் உங்கள் கணவர் சொல்வது பாதிதான் சரி. குடும்பத்தின் பணநிலையைப் பார்க்காமல் பிள்ளையைத் தேர்ந்தெடுப்பது என்ற முறைக்கு ஆண்டோவர் 2008 வாக்கிலேயே வந்துவிட்டது. எக்ஸிட்டர் அதை 2021இல் அறிவித்தது. ஆனால் பல பள்ளிகளில் உதவித்தொகைக்கென்று ஒரு வரம்பு உண்டு, அங்கே பணம் கேட்பது கணக்கில் வரத்தான் செய்யும். பள்ளி பள்ளியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கூச்சப்பட வேண்டாம், அவர்களுக்கு இது தினமும் வரும் கேள்வி.

இனி அந்த நாற்பது பதில்கள். என் அண்ணனும் டைப் செய்தான். அவனுடையது இருபத்தைந்து.

அந்த இலையுதிர் காலத்தில் நான் அவன் வீட்டில்தான் இருந்தேன். கார் ஓட்டத் தெரியாததால் பின்சீட்டில், பெண்ணுக்குப் பக்கத்தில். மாசசூசெட்ஸ் எல்லை தாண்டும்வரை அவன் கேள்வி கேட்டுக்கொண்டே ஓட்டினான், அவள் ஜன்னலைப் பார்த்தபடி ஒப்பித்தாள். முதல் பள்ளியில் வழக்கம்போல முதலில் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள், பிறகு பெற்றோரை. அண்ணனும் அண்ணியும் உள்ளே இருந்தது இருபது நிமிடம். அதில் பதினைந்து நிமிடம் அண்ணனே பேசினான் என்று அண்ணி வெளியே வந்து சொன்னாள். மகள் வாங்கிய கோப்பைகள், மகளின் பியானோ, மகளின் ரோபோ. நேர்காணல் செய்த அம்மையார் கடைசியில், "அவளுக்குப் பிடிக்காதது ஏதாவது உண்டா?" என்று கேட்டாராம். இருவருக்கும் பதில் தெரியவில்லை.

அவளிடம் கேட்டது வேறு: போன ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தாய்? இருபத்தைந்தில் அது இல்லை. தம்பியின் சைக்கிள் செயினைக் கழற்றி, மாட்டத் தெரியாமல் அழுததைச் சொல்லியிருக்கிறாள். பிறகு பேச்சு முழுக்க அந்தச் செயினைப் பற்றித்தானாம். காரில் இதைக் கேட்டு அண்ணன் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டான்.

பள்ளியைச் சுற்றிக் காட்ட அங்கேயே படிக்கிற ஒரு பிள்ளையை அனுப்புவார்கள். நேர்காணலைவிட அந்த ஒரு மணி நேரம் முக்கியம் என்பது என் எண்ணம். எங்களுக்கு வந்தவன் பதினாறு வயதுப் பையன். நூலகம், நீச்சல் குளம் எல்லாம் மனப்பாடமாகச் சொன்னான். விடுதியில் தன் அறையைத் திறந்தபோது ஹீட்டர் மேல் ஈர சாக்ஸ் நான்கைந்து ஜோடி காய்ந்துகொண்டிருந்தன. அவன் முகம் சிவந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து எங்கள் பெண் கேட்டாள், "இங்க ராத்திரி யாராவது அழுவாங்களா?" அண்ணன் அவள் தோளை அழுத்தினான். பையன் கொஞ்சம் யோசித்து, "முதல் அக்டோபர்ல நான் அழுதேன். இந்த மாடியில இருக்கிற சார் வீட்டு நாயை அனுப்பி வச்சார்" என்றான். அதற்குப் பிறகுதான் இரண்டும் சரியாகப் பேச ஆரம்பித்தன. எத்தனை மணிக்கு விளக்கணைப்பார்கள், சனிக்கிழமை வகுப்பு உண்டா, அறைத்தோழன் குறட்டை விட்டால் என்ன செய்வது. நாங்கள் பெரியவர்கள் பத்தடி பின்னால் நடந்தோம். நீங்களும் பத்தடி பின்னால் நடங்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் இந்தப் பள்ளிகள் எல்லாம் ஒரே செங்கல், ஒரே புல்வெளி. உள்ளே நாள் நகரும் விதம் வேறு வேறு. எக்ஸிட்டரில் 1930இல் எட்வர்ட் ஹார்க்னஸ் என்ற செல்வந்தர் கொடுத்த பணத்தில் வந்தது, நீள்வட்ட மேஜையைச் சுற்றி ஒரு டஜன் பிள்ளைகளும் ஆசிரியரும் உட்கார்ந்து பேசியே படிக்கும் முறை. கணக்குக்கும் அதேதான். கடைசி பெஞ்ச் என்ற புண்ணிய பூமி அங்கே கிடையாது. உங்கள் மகள் பேசத் தயங்குகிறவளா, பேச இடம் கிடைக்காமல் தவிக்கிறவளா? ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள், அவளுக்கே தெரிந்துவிடும். (அங்குள்ள நூலகத்தை அவசியம் பாருங்கள். அகமதாபாத் ஐஐஎம்மைக் கட்டிய லூயி கானின் வடிவமைப்பு. நான் போனதற்குப் பாதிக் காரணம் அது.) டீர்ஃபீல்ட் என்ற பள்ளியில் பல வேளைச் சாப்பாடு, ஒதுக்கிய மேஜையில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து. முறை வைத்துப் பிள்ளைகளே பரிமாறுவார்கள். உங்கள் மாநிலத்திலேயே 1810இல் தொடங்கிய லாரன்ஸ்வில் பள்ளி இருக்கிறது, அங்கே எல்லாம் 'ஹவுஸ்' கணக்கு, அதாவது பிள்ளைகளைத் தனித்தனி விடுதி வீடுகளாகப் பிரித்து வைப்பது. உங்கள் ஐந்தில் அது உண்டா என்று நீங்கள் எழுதவில்லை.

பல பள்ளிகளில் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஜனவரி 15, முடிவு மார்ச் 10. ஏப்ரல் 10க்குள் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். மார்ச் 10 அன்று இரண்டு பேரும் ஆபீசிலிருந்து சீக்கிரம் வந்துவிடுங்கள். எங்களுக்கு அன்று இரண்டு இடத்தில் இல்லை, ஒன்றில் காத்திருப்புப் பட்டியல், ஒன்றில் இடம். கிடைத்தது சாக்ஸ் பையனின் பள்ளி. அண்ணன் பட்டியலில் அது நான்காவது.

அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கணவர் நினைப்பது இருக்கிறது, நீங்கள் பயப்படுவது இருக்கிறது. மகள் சொன்னதாக இருப்பது அந்தக் குதிரை மட்டும்தான்.

அது நிஜம். கலிஃபோர்னியாவில் ஓஹாய் என்ற ஊரில் தாச்சர் என்று ஒரு பள்ளி, 1889இல் தொடங்கியது. ஒன்பதாம் வகுப்பில் சேருகிற பிள்ளைகள் முதல் வருடம் ஆளுக்கொரு குதிரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். காலையில் வகுப்புக்கு முன்னால் தீனி வைத்து, சாணி அள்ளிவிட்டு வர வேண்டும். உங்கள் வீட்டிலிருந்து நாட்டின் மறு கோடி. அங்கேயும் இடம் கிடைப்பது கஷ்டம்தான். மகளிடம் இதையெல்லாம் சொல்லுங்கள், சாணியையும் சேர்த்து. அடுத்து அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள்.