காதுச் சீழ் மூளைக்குப் போகுமா?

கேள்வி: 7 வயது மகனுக்குச் சில மாதங்களாகவே ஒரு காதில் சீழ் வடிகிறது. "மூளைக்கு ஏறிவிடும்" என்று மாமியார் பயப்படுகிறார். மூளைக்குத்தான் தடுப்புச் சுவர் இருக்கிறதாமே, கிருமி எப்படிப் போகும்?

பதில்: சுவர் இருப்பது உண்மை. மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் உட்சுவர்ச் செல்கள் இடுக்கே இல்லாமல் பிணைந்திருக்கும். பல் துலக்கும்போதுகூடக் கொஞ்சம் பாக்டீரியா ரத்தத்தில் கலக்கும். அது மூளையை எட்டுவதில்லை.

ஆனால் சில கிருமிகளுக்கு வழி தெரியும். நிமோகாக்கஸ் அந்தச் செல்லுக்குள்ளேயே நுழைந்து மறுபக்கம் வெளியேறும். மெனிங்கோகாக்கஸ் மயிர்போன்ற இழைகளால் சுவரில் ஒட்டி, செல்களின் பிணைப்பைத் தளர்த்தும். லிஸ்டீரியா இன்னும் துணிச்சல்: கிருமியை விழுங்கவேண்டிய வெள்ளணுவுக்குள் ஒளிந்துகொண்டே உள்ளே போய்விடும்.

உங்கள் மகனுக்கு நான் யோசிப்பது இவற்றையல்ல. காதுச் சீழுக்கு அந்தச் சுவரைத் தாண்டவேண்டிய அவசியமே இல்லை. நடுக்காதின் கூரை ஒரு மெல்லிய எலும்புத் தகடு; அதற்கு மேலே மூளை. கொலஸ்டியடோமா என்ற தோல் வளர்ச்சி நடுக்காதில் இருந்தால் அது எலும்பை மெல்ல அரிக்கும். பிறகு மூளையுறை அழற்சி வரலாம், மூளையிலேயே சீழ்க்கட்டியும் வரலாம். மாமியார் சொல்வது வெறும் பயமுறுத்தல் அல்ல.

அதற்காக எல்லாச் சீழும் அப்படியில்லை. செவிப்பறையின் நடுவில் ஓட்டை விழுந்து வடிகிற சீழில் இந்த ஆபத்து குறைவு. நாற்றமடிக்கும் சீழ் என்றால் சந்தேகம் கூடும். எதுவென்று ஈ.என்.டி. மருத்துவர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத்தான் சொல்லமுடியும், தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன் எடுப்பார். இந்த வாரமே காட்டிவிடுங்கள். அதுவரை பூண்டு காய்ச்சிய எண்ணெய் வேண்டாம், தலைக்குக் குளிக்கும்போது காதில் தண்ணீர் போகவேண்டாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் வேண்டாம். ஜென்டாமைசின் போன்றவை ஓட்டை வழியாக உட்காதுக்குப் போனால் கேட்கும் திறனையே கெடுக்கக்கூடும்.

காய்ச்சலோடு கடும் தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, அசாதாரணத் தூக்கம், வலிப்பு, முகம் ஒருபக்கம் கோணுவது, இவற்றில் எது வந்தாலும் காலைவரை காத்திருக்காதீர்கள். மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம் என்றும் நினைக்காதீர்கள். கிருமியைத் தடுக்கும் அதே சுவர் மருந்தையும் தடுக்கும். அதனால்தான் மூளையுறை அழற்சிக்கு ஆன்டிபயாடிக்கை அதிக அளவில் நரம்பூசி வழியாகச் செலுத்துகிறார்கள். அவசரப் பிரிவில் காதுச் சீழ் பற்றி முதலிலேயே சொல்லிவிடுங்கள். காய்ச்சலுக்கு வந்த குழந்தையின் காதை எல்லோரும் எட்டிப்பார்ப்பதில்லை.