ஐஎஸ்ஓ சான்றிதழ் இருக்கும்போது இன்னொரு மதிப்பீடு எதற்கு?

கேள்வி: சிங்கப்பூரின் துவாஸ் தொழிற்பேட்டையில் உலோக உதிரிபாகங்கள் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் தரப் பிரிவு நிர்வாகியாக வேலை செய்கிறேன். ஏறத்தாழ எழுபது ஊழியர்கள், இரண்டு ஷிப்ட். தர நிர்வாகத்துக்கான ஐஎஸ்ஓ 9001 சான்றிதழ் பல ஆண்டுகளாக இருக்கிறது. இப்போது முதலாளி, பிசினஸ் எக்ஸலன்ஸ் கட்டமைப்பை (ஒரு நிறுவனம் எவ்வளவு சிறப்பாக நடக்கிறது என்று அளக்கும் கேள்வித் தொகுப்பு) வைத்து நிறுவனத்தை மூன்று மாதத்தில் மதிப்பிட்டுத் தரச் சொல்கிறார். உட்கார்ந்து எழுதினால் எல்லாக் கேள்விகளுக்கும் ‘ஆம், இருக்கிறது’ என்றே பதில் வருகிறது. மதிப்பெண் எப்படிப் போடுவது? ஆலோசகரை அமர்த்த வேண்டுமா?

பதில்: எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ வருகிறது என்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ‘உண்டா, இல்லையா’ என்று கேட்பது தணிக்கையின் வழக்கம். இந்தக் கட்டமைப்புகள் பெரும்பாலும் ‘எப்படி’ என்றுதான் கேட்கும். வாடிக்கையாளர் புகாரைக் கையாள நடைமுறை இருக்கிறதா, அது பின்பற்றப்படுகிறதா என்பது ஐஎஸ்ஓ தணிக்கையாளரின் கேள்வி. அந்த நடைமுறை இரவு ஷிப்டிலும் நடக்கிறதா, சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு அதை எந்த வகையில் மாற்றினீர்கள், அதனால் எந்த எண் குறைந்தது என்பவை மதிப்பீட்டாளரின் கேள்விகள். சான்றிதழ் தேர்ச்சி பெற்றீர்களா என்று மட்டுமே சொல்லும். எவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள் என்று சொல்லாது.

இதன் பின்னணி சுருக்கமாக: அமெரிக்காவில் 1987இல் சட்டம் இயற்றி உருவாக்கிய பால்ட்ரிஜ் தேசியத் தர விருதே இத்தகைய கட்டமைப்புகள் பலவற்றுக்கு முன்மாதிரி. 1988இல் முதன்முறையாக விருது வழங்கப்பட்டபோது, மோட்டோரோலா போன்ற பெருநிறுவனத்தோடு குளோப் மெட்டலர்ஜிக்கல் என்ற சிறிய உலோக நிறுவனமும் அதைப் பெற்றது. ‘இதெல்லாம் பெரிய இடத்துச் சமாச்சாரம்’ என்று உங்கள் மேலாளர்கள் யாராவது முணுமுணுத்தால் இதைச் சொல்லுங்கள். சிங்கப்பூர் தனது தர விருதையும் அதற்கான கட்டமைப்பையும் 1994இல் கொண்டுவந்தது. தலைமைத்துவம், வாடிக்கையாளர், உத்தி, ஊழியர், செயல்முறை, அறிவு, விளைவு என ஏழு பிரிவுகள் இதில் உண்டு. பால்ட்ரிஜும் ஏறத்தாழ இதே ஏழைத்தான் பார்க்கிறது. அங்கே மொத்தம் 1,000 புள்ளிகள். விளைவுகளுக்கு மட்டும் 450. ஏறத்தாழ பாதி! ஆகவே அழகான நடைமுறைக் கையேட்டை வைத்துக்கொண்டு நல்ல மதிப்பெண் எடுத்துவிட முடியாது.

இப்போது மதிப்பெண்ணுக்கு வருவோம். செயல்முறை சார்ந்த ஒவ்வொரு கேள்வியையும் பால்ட்ரிஜ் முறை நான்கு கோணங்களில் பார்க்கச் சொல்கிறது: அணுகுமுறை என்ன, அது எங்கெங்கே பரவியிருக்கிறது, அதிலிருந்து என்ன கற்றீர்கள், மற்ற வேலைகளோடு அது எப்படி இணைகிறது.

உங்கள் புகார் நடைமுறையையே எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் ஒருவர் துளையின் விட்டம் தவறான பாகங்களைத் திருப்பி அனுப்பினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிவம் நிரப்பி, மூலகாரணம் எழுதி, கையொப்பம் போட்டுக் கோப்பில் வைத்துவிட்டீர்கள். அணுகுமுறை இருக்கிறது. ஆனால் அந்தத் துளையைப் போடும், கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் சிஎன்சி இயந்திரத்தில் இரவு நிற்பவருக்கு இது தெரியுமா? மூலகாரணம் என்ற கட்டத்தில் ‘ஊழியரின் கவனக்குறைவு, அறிவுரை வழங்கப்பட்டது’ என்று எழுதியிருக்கிறதா? (எழுபது பேர் வேலை செய்யும் இடத்தில் இந்த வரி கோப்புக்குக் கோப்பு வருவதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.) ஓராண்டுப் படிவங்களை யாராவது மேசையில் பரப்பி, ஒரே தவறு எத்தனை முறை வந்திருக்கிறது என்று பார்த்ததுண்டா? தேய்ந்துபோன வெட்டுக்கருவிதான் காரணம் என்றால், அந்தச் செய்தி கொள்முதல் பிரிவுக்குப் போனதா? இந்தக் கேள்விகளுக்குத் திருப்தியான பதில் இல்லையென்றால், அணுகுமுறை எவ்வளவு நன்றாக இருந்தாலும் நான் 10 முதல் 25 விழுக்காட்டுப் படிக்கு மேல் போகமாட்டேன். அந்த விழுக்காட்டை, அந்தக் கேள்விக்கு ஒதுக்கிய புள்ளிகளோடு பெருக்கினால் மதிப்பெண் கிடைத்துவிடும். கணக்கு அவ்வளவுதான், வாதம்தான் நீளும்.

வாதம் நீளட்டும். நீங்கள் ஒருவரே உட்கார்ந்து எழுதாதீர்கள். உற்பத்தி மேற்பார்வையாளர், கொள்முதல், மனிதவளம், கணக்கு என நான்கைந்து பேரைச் சேர்த்து, ஒவ்வொருவரையும் தனித்தனியே மதிப்பெண் போடச் சொல்லுங்கள். பிறகு எல்லாரும் ஒன்றுகூடி, எங்கே அதிகம் வேறுபடுகிறீர்களோ அங்கே மட்டும் பேசுங்கள். தரப் பிரிவு 60 கொடுத்த இடத்தில் உற்பத்திப் பிரிவு 20 கொடுத்திருந்தால், 40 என்று சராசரி எடுத்து முடித்துவிடக் கூடாது. ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியவில்லை என்பதைத்தான் அந்த இடைவெளி காட்டுகிறது. எண்ணை எழுதும் முன் பலம் என்ன, குறை என்ன, சான்று எங்கே என்று எழுதிவிடுங்கள். எண்ணை முதலில் எழுதினால் அதற்கேற்ற சான்றைத் தேடத் தொடங்கிவிடுவோம்.

சான்று தேட உற்பத்திக் கூடத்துக்குப் போங்கள். ஷிப்ட் மாறும் நேரமாக இருந்தால் நல்லது. ‘நிறுவனத்தின் தரக் கொள்கை தெரியுமா?’ என்று கேட்காதீர்கள். மனப்பாடம் செய்து ஒப்பிப்பார்கள். ‘கடைசியாக அளவு தவறிய பாகம் வந்தபோது என்ன செய்தீர்கள்?’ என்று கேளுங்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழில்நுட்பரிடம் தமிழிலேயே கேளுங்கள். சீன, மலாய் ஊழியர்களிடம் அவர்கள் மொழி தெரிந்தவர் கேட்கட்டும். ஆங்கிலத்தில் ‘ஓகே’ என்று முடிந்த பதில் தாய்மொழியில் பத்து நிமிடக் கதையாக விரிவதுண்டு. பதில் சொல்பவரின் நேரடி மேலாளர் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

விளைவுகளில் கவனிக்க வேண்டியவை: இப்போதைய நிலை, போக்கு, ஒப்பீடு, நிறுவனத்துக்கு முக்கியமானவற்றோடு உள்ள தொடர்பு. போக்கு என்று சொல்லக் குறைந்தது மூன்று காலகட்டத்து எண்கள் வேண்டும். அதற்கும் முன்னால், எண் எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். உரிய நேரத்தில் விநியோகம் 96 விழுக்காடு என்று அறிக்கை சொல்கிறது என வைத்துக்கொள்வோம். எந்தத் தேதியை வைத்து? வாடிக்கையாளர் முதலில் கேட்ட தேதியா, நீங்கள் கெஞ்சி மாற்றி வாங்கிய தேதியா? 50 ஆர்டர்களில் 48 மாற்றிய தேதிக்குப் போயிருக்கலாம். முதலில் கேட்ட தேதிக்கு 39தான் போயிருக்கலாம். அப்படியானால் வாடிக்கையாளரின் கண்ணில் நீங்கள் 78 விழுக்காடு. கழிவு விகிதமும் அப்படித்தான்: மறுவேலை செய்து தேற்றிய பாகங்களைச் சேர்க்காவிட்டால் அது உண்மைச் செலவைக் காட்டாது.

ஒப்பீட்டுக்குப் போட்டியாளரின் எண்கள் கிடைக்காதே என்பீர்கள். பகுதிக்கடத்தி (செமிகண்டக்டர்), விமானத் துறைகளின் பெரிய வாடிக்கையாளர்கள் பலர் தங்களுக்கு விநியோகிப்பவர்களுக்கு அவ்வப்போது மதிப்பெண் அட்டை அனுப்புகிறார்கள். மற்ற விநியோகிப்பாளர்களோடு ஒப்பிட்டால் உங்கள் இடம் எது என்று அவர்களிடம் கேளுங்கள், சிலர் சொல்வார்கள். விற்பனைப் பிரிவின் மின்னஞ்சல்களில் அந்த அட்டைகள் தூங்கிக்கொண்டிருக்கவும் கூடும்.

ஆலோசகர் இப்போதைக்கு வேண்டாம். அவர் எழுதித் தரும் அறிக்கை உங்கள் அறிக்கையைவிடச் சீராக இருக்கும், ஆனால் மேற்பார்வையாளர்கள் அதைத் தங்களுடையதாக நினைக்கமாட்டார்கள். பால்ட்ரிஜ் அமைப்பு இலவசமாகத் தரும் சுருக்கமான கேள்வித் தொகுப்பே முதல் சுற்றுக்குப் போதும். வெளி ஆளின் கண் தேவையென்றால், உங்கள் மதிப்பெண்கள் தயாரான பிறகு அவற்றைச் சோதிக்க மட்டும் அழையுங்கள்.

முதலாளியிடம் இப்போதே சொல்லிவைக்க வேண்டியது ஒன்று உண்டு. முதல் முறை நேர்மையாகப் போட்டால் 1,000க்கு 300ஐ ஒட்டி வந்தாலும் வியப்பில்லை. பள்ளித் தேர்வு மதிப்பெண்போல அதைப் படித்துவிட்டு அவர் முகம் சுளித்தால், அடுத்த ஆண்டு எல்லாரும் பெருந்தன்மையாக மதிப்பெண் போடத் தொடங்கிவிடுவார்கள். மொத்த எண்ணை அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் வையுங்கள். முதல் பக்கத்தில் இரண்டு அல்லது மூன்று குறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர், ஒரு தேதி. அவ்வளவு போதும். இருபது குறைகளைப் பட்டியலிட்டால் ஒன்றும் நடக்காது. பன்னிரண்டு மாதம் கழித்து இதே குழுவைக் கொண்டு, இதே கேள்விகளை வைத்து மறுபடியும் மதிப்பிடுங்கள்.