2014-ல் சோனி 'தி இன்டர்வியூ' படத்தை ஏன் நிறுத்தியது? மிரட்டலுக்குப் பயந்தா?

பயம் முதலில் வந்தது தியேட்டர்காரர்களுக்கு.

வட கொரியத் தலைவர் கிம் ஜாங் உன்னைப் பேட்டி எடுக்கப் போகும் இருவரிடம், அவரைக் கொல்லும் வேலையை சிஐஏ ஒப்படைப்பதுதான் இந்த நகைச்சுவைப் படத்தின் கதை. நவம்பர் கடைசியில் ஹேக்கர்கள் சோனியின் கணினிகளுக்குள் புகுந்தார்கள். ஊழியர்களின் சம்பள விவரம், மின்னஞ்சல் எல்லாம் வெளியே கொட்டப்பட்டன. டிசம்பர் 16 அன்று, செப்டம்பர் 11 தாக்குதலை நினைவூட்டி, படம் ஓடும் தியேட்டர்களுக்கு மிரட்டல் வந்தது. கிறிஸ்துமஸ் நேரம். ஒரே வளாகத்தில் பல படங்கள் ஓடும். இந்த ஒன்றுக்காக மற்றப் படங்களுக்கும் கூட்டம் வராமல் போனால்? பெரிய தியேட்டர் நிறுவனங்கள் விலகின. மறுநாளே சோனி டிசம்பர் 25 வெளியீட்டை ரத்து செய்தது.

சரி, திரையிட இடமில்லை என்பது புரிகிறது. ஆனால் வேறு வகையில் வெளியிடும் திட்டமும் இல்லை என்று அன்று சோனி சொன்னதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. மிரட்டியவர்கள் கேட்டதும் அதைத்தானே! ரத்து செய்தது தவறு என்று அதிபர் ஒபாமாவே வெளிப்படையாகச் சொன்னார். அப்புறம் சோனி மனம் மாறி, டிசம்பர் 24-ல் இணையத்திலும், மறுநாள் 300-க்கும் மேற்பட்ட தியேட்டர்களிலும் படத்தை வெளியிட்டது.